ஆளுக்கு ஒரு கிலோ

கத்தி தீட்டும்போது கிஸ்லேன் கத்தியைப் பார்ப்பதில்லை, ஏரியைப் பார்ப்பாள். கை தன்பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். கண் அவள் இறைச்சிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே, படகுத்துறையைத் தாண்டித் தண்ணீரில் இருக்கும். எதிரே காபிக்கடை வைத்திருக்கும் நான் தினமும் அதைப் பார்த்துச் சத்தம் போடுவேன். "விரல் போயிடப் போகுதுடி" என்றால், "கத்திக்கு என்னைத் தெரியும் மிரெய். நீ உன் பாலைப் பாரு, பொங்குது" என்பாள். பொங்கித்தான் இருக்கும்.

ஏரியின் பிரான்ஸ் கரையில் இருக்கும் எங்கள் ஊர் வெர்னாஸ் காலையிலேயே காலியாகிவிடும். வேலைக்குப் போகிற வயதில் இருப்பவர்கள் எல்லாரும் ஏரியைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது வயதானவர்கள், நாய்கள், நாங்கள் இருவர். பதிலுக்கு அக்கரைக்காரர்கள் இங்கே இறைச்சி வாங்க வருவார்கள், ஏனென்றால் அங்கே அது யானை விலை. ஆனால் அவர்களுடைய சுங்கம் ஆளுக்கு ஒரு கிலோதான் விடும். அதனால் சனிக்கிழமைகளில் மாமியார், மச்சான், கைக்குழந்தை என்று ஆள் சேர்த்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையைக் குனிந்து பார்த்து கிஸ்லேன் கேட்பாள்: "துரைக்கும் ஒரு கிலோவா? பல்லே வரலையே. மென்னு குடுக்க ஆள் இருக்கா?"

அவள் பெரிய உடம்புக்காரி. குளிர் அறைக்குள் போய் வருவதால் கோடையிலும் இரண்டு கம்பளிச் சட்டை போட்டிருப்பாள். கோபமோ வெட்கமோ முகத்தில் தெரியாது. காது மட்டும் சிவக்கும். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு, குடலில் கறி அடைத்துச் செய்யும் தொத்திறைச்சி ஒரு துண்டு இலவசம். அவள் கைப்பட சோம்பு போட்டுச் செய்யும் பன்றித் தொத்திறைச்சியைச் சாப்பிட்டுவிட்டு யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் போனால், அடுத்த முறை அவர்களுக்கு எலும்புப் பக்கம்தான் கிடைக்கும்.

ஊரில் ஏரியைக் கடக்காதவள் அவள் ஒருத்திதான். அவள் கணவன் ரொலான் அக்கரையில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் மாலைப் படகு வந்தது, அவன் வரவில்லை. விபத்து ஒன்றும் இல்லை. அங்கே இன்னொருத்தி இருந்தாள். அதெல்லாம் பழங்கதை. ஆனாலும் படகில் ஏறும் துறைப் பலகையில் கிஸ்லேன் இன்றுவரை கால் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம் என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். "அங்க போய் நின்னா என்ன தெரியும்? நம்ம ஊருதான் தெரியும். அதை நான் சும்மாவே பாக்கிறேன்" என்று முடித்துவிடுவாள்.

வியாழக்கிழமைகளில் மட்டும் கத்தியைக் கொஞ்சம் அதிக நேரம் தீட்டுவாள். அன்றைக்குத்தான் முசியே குவெந்தே வருவார்; ஐயா என்பதற்கு இங்கே முசியே, அம்மா என்பதற்கு மதாம். அக்கரைக்காரர், மனைவியை இழந்தவர், சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட துணிப்பையைப் பிரித்து மேசையில் வைத்துவிட்டு, "ஒரு கிலோ, மதாம். ஒரு கிராம்கூட அதிகம் வேண்டாம்" என்பார். கிஸ்லேன் கையாலேயே நிதானித்து வெட்டிவிடுவாள். அவர் தராசில் போடச் சொல்லி, கண்ணாடி போட்டுக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். "நான் பொய் சொல்லுவேனா?" என்று இவள் கேட்பாள். "நீங்க சொல்ல மாட்டீங்க. தராசு சொல்லும்" என்பார் அவர். இந்த ஒரு பேச்சையே வாரம் தவறாமல் பேசிவிட்டு இருவரும் ஏதோ நாடகம் பார்த்த மாதிரி சந்தோஷமாக இருப்பார்கள். படகில் கயிறு பிடித்துக் கட்டும் ரெமி என் கடையில் உட்கார்ந்து, "ஒத்தை ஆளு வாரத்துக்கு ஒரு கிலோ மாட்டுக்கறி. மனுஷனா சிங்கமா?" என்று கிண்டல் செய்வான்.

போன இலையுதிர் காலத்தில் கிஸ்லேன் ஒரு காரியம் செய்தாள். தராசிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கட்டும்போது, அவருக்குத் தெரியாமல் தன் சோம்புத் தொத்திறைச்சி ஒன்றையும் உள்ளே வைத்துச் சுற்றிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து அக்கரைத் துறையில் சோதனை. அங்கே நின்ற பையன்கள் இவரிடம் வேலை பழகியவர்கள். "ஒரு கிலோதான், சரியா இருக்கும்" என்று இவரே முன்வந்து பையைத் திறந்து கொடுத்திருக்கிறார். நிறுத்தால் கூடுதல். பிரித்தால் தொத்திறைச்சி. ஆயுள் முழுக்க அடுத்தவர் பையைத் துழாவிய மனிதர், நாலு பேர் பார்க்க அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ரெமி வந்து இதைச் சொன்னபோது கிஸ்லேன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "ஒரு தப்பும் பண்ணாத மனுஷன். அவரைப் போய் திருடனாக்கிட்டேனே" என்றாள். அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பனிமூட்டம் வந்து ஏரியே தெரியாமல் போன பிறகும் அவள் வெளியே பார்த்துக்கொண்டுதான் கத்தி தீட்டினாள். படகு ஊதும்போதெல்லாம் கை நின்றுவிடும். ரொலான் அவளை விட்டுப் போன அந்த வருஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் இப்படித்தான் இருந்தாள். பாவி, ஒரு தொத்திறைச்சியில் போய்ச் சிக்கிக்கொண்டாளே என்று மனம் அடித்துக்கொண்டது.

குளிர் இறங்கிய ஒரு வியாழக்கிழமை, சூப்புக்கு எலும்பு வாங்க நான் அவள் கடையில் நின்றிருந்தேன். கதவு மணி அடித்தது. முசியே குவெந்தே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க" என்றாள் கிஸ்லேன்.

"அதை ஏன் வெச்சீங்க, மதாம்?"

"நீங்க ருசி பாக்கணும்னு ஆசை. சொன்னா வேணாம்பீங்க."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"உங்க மானத்தை வாங்கிட்டேன். எப்படித் திருப்பித் தர்றதுன்னு எனக்குத் தெரியல, முசியே."

அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பசங்க சிரிச்சாங்க. கோவமாத்தான் இருந்தது. ஆனா வியாழக்கிழமையை என்ன பண்றதுன்னு தெரியல. நாள் நகரவே மாட்டேங்குது." தொப்பியை மேசையில் வைத்துவிட்டு, "இன்னொண்ணும் சொல்லிடறேன். எனக்கு மாட்டுக்கறி ஆகாது. மூட்டு வீக்கம். டாக்டர் கூடாதுன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

கிஸ்லேன் கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை நாளா யாரு தின்னாங்க?"

"கீழ் வீட்டுல மூணு பசங்க இருக்கானுங்க. நல்லா வளந்துட்டானுங்க."

நான் சிரிப்பை அடக்கக் குளிர்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கிஸ்லேன் சிரிக்கவில்லை. இரண்டு காதும் கொவ்வைப் பழமாகச் சிவந்திருந்தன.

"கோழி ஆகுமா?" என்று கேட்டாள்.

"கோழி ஆகும்."

வழக்கம்போல ஒரு கிலோ மாட்டுக்கறி வெட்டித் தராசில் வைத்தாள். அவர் முள்ளைப் பார்க்கவில்லை. அதைக் கட்டி, "இது கீழ் வீட்டுக்கு" என்று அவரிடம் தந்தாள். பிறகு ஒரு சின்னக் கோழியை எடுத்துச் சுத்தம் செய்து தனியாகக் கட்டினாள்.

அவர் பதறிவிட்டார். "மதாம், ஒரு கிலோவுக்கு மேல போகுது."

"ஆளுக்கு ஒரு கிலோதானே? சனிக்கிழமையானா இதே பாட்டுதான் கேக்கிறேன்" என்றாள் கிஸ்லேன். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். "மிரெய், கடையைப் பாத்துக்க. யாராவது தொத்திறைச்சி கேட்டா நல்லா இருக்குன்னு சொல்லவெச்சுட்டுக் குடு."

நான் எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். இருவரும் துறைக்கு நடந்தார்கள். ரெமி கயிற்றை அவிழ்க்க மறந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தான். முசியே முதலில் படகில் ஏறினார். கிஸ்லேன் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவள் தண்ணீரைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. போ, போ என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கோழிப் பொட்டலத்தை வாங்கிக்கொள்வதற்காக அவர் கையை நீட்டினார். கிஸ்லேன் பொட்டலத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை அவரிடம் கொடுத்தாள்.