அவசரத்துக்கு நாற்பத்தைந்து லிட்டர்

மாமா குனிந்து பிக்கப் வண்டியின் டேங்கை விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுகிறார். காதைச் சாய்த்துக் கேட்கிறார். பாதி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்கிறார். முள் அதற்கும் கீழே காட்டுகிறதே என்று யாராவது கேட்டால், "முள்ளு பொய் சொல்லும் மாப்ள, தகரம் சொல்லாது" என்பார். என் அக்காவின் வீட்டுக்காரர். மெத்தைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறார். இந்தத் தட்டலைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் முட்டி வலிக்கிறது.

மெத்தைமேல் ஒரு தூசி விழவிடமாட்டார். அவருக்கென்று ஒரு குஷன் உண்டு. முதுகுவலிக்காகக் கடை முதலாளி தைத்துக் கொடுத்தது. சாப்பிடப் போனாலும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவார். உறையைக்கூடத் தானே துவைப்பார். அக்கா இதுவரை அதைத் தொட்டதில்லை, தொட ஆசைப்பட்டதும் இல்லை.

டீசல் போடுவது ஒரே பெட்ரோல் பங்கில்தான். எங்கேயோ போட்ட டீசலில் தண்ணீர் கலந்திருந்து ஒருமுறை வண்டியின் பம்ப் போய்விட்டது. அதிலிருந்து ஊரிலுள்ள மற்ற பங்கெல்லாம் அவருக்கு விஷக்கடை. எங்கே போனாலும் அந்த ஒரு பங்க் டீசலிலேயே போய், அதிலேயே திரும்பியாக வேண்டும்.

ஒரே மகள் தூரத்து ஊர் ஒன்றில் நர்ஸ். அவள் தங்கியிருக்கும் அறையை அக்கா இன்னும் பார்க்கவில்லை. பஸ்ஸில் மாறி மாறிப் போக அக்காவின் முழங்கால் இடம் கொடுக்காது. வண்டியில் போகலாமே என்று கேட்கும்போதெல்லாம் மாமா கணக்கை ஆரம்பித்துவிடுவார். போக வரத் தொள்ளாயிரம் கிலோமீட்டர். டேங்க் அறுபது லிட்டர். அடியில் கிடக்கும் பத்து லிட்டர் கசடு, அதைச் சேர்க்கக்கூடாது. லிட்டருக்குப் பன்னிரண்டு என்றால் அறுநூறில் வண்டி நின்றுவிடும். "டேங்க் பத்தாதும்மா" என்று முடிப்பார். வழியில் எத்தனையோ பங்க் இருக்கிறதே என்று சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அக்கா விடவில்லை. நச்சரித்து நச்சரித்து நாற்பத்தைந்து லிட்டரில் இன்னொரு டேங்க் மாட்ட வைத்தாள். அன்றைக்கே பையில் துணி எடுத்து வைத்தாள். ஆனால் புது டேங்க் உட்கார்ந்த இடம், வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கிக்கொண்டிருந்த இடம். ஸ்டெப்னியைப் பின்னால் போட்டால் மெத்தை கறைபடும் என்று முன் சீட்டில் ஏற்றி, பெல்ட்டும் மாட்டிவிட்டார். புது டேங்குக்குத் தனிக் குழாய். திருகினால் பழைய டேங்கில் டீசல் இறங்கும். அதை இதுவரை அவர் திருகவே இல்லை. கேட்டால், அது அவசரத்துக்காம்.

"டேங்க் இல்லாதப்ப எனக்கு இடம் இருந்துச்சு. இப்ப டேங்க் இருக்கு, என் இடத்துல டயர் உக்காந்திருக்கு" என்றாள் அக்கா. மாமா ஸ்டெப்னியின் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டார்.

போன மாதம் நானும் கூடப் போனேன், பின்னால், மெத்தைகளுக்கு நடுவில். மூன்று தட்டு தட்டி, தாராளமாக இருக்கிறது என்றார். நட்ட நடு ரோட்டில் வண்டி நின்றது. எதிரிலேயே ஒரு பங்க். அடியில் நாற்பத்தைந்து லிட்டர் ததும்பிக்கொண்டு கிடக்கிறது. நான் குனிந்து குழாயில் கை வைத்தேன், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேனை எடுத்துக்கொண்டு, எதிரிலிருந்த பங்கைத் திரும்பியும் பார்க்காமல், தன் வழக்கமான பங்க்குக்கு வேகாத வெயிலில் நடந்தே போய் வந்தார். பைப்பில் காற்றுப் பிடித்துக்கொண்டதால் அதை வெளியேற்ற வேறு மாரடித்தோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது அவசரம் இல்லன்னா எதுதான் மாமா அவசரம்?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என்னிக்காவது அவ போன் பண்ணி 'வாங்கப்பா'ம்பா. அன்னிக்கு நான் பங்க்ல நின்னுட்டிருக்கக் கூடாது."

உருகியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் கூடியது. அவள் எப்படிக் கூப்பிடுவாள்? டேங்க் பத்தாது என்பதைக் கேட்டே சலித்தவள். அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவள் அங்கே. கூப்பிடட்டும் என்று இவர் இங்கே. நடுவில் என் அக்கா, எடுத்து வைத்த துணியை மறுபடி பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு காலை அங்கே இருந்தேன். அக்கா கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மகளின் குரல் கம்மியிருந்தது.

"லேசா காய்ச்சல்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும். அப்பாகிட்ட சொல்லாத, பாவம், டேங்க் கணக்கு போட்டுட்டு உக்காந்திருப்பாரு."

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமா அப்படியே நின்றார். பிறகு வெளியே போனார். வழக்கமான மூன்று தட்டுக்காகக் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை.

நாங்கள் போய்ப் பார்த்தபோது வண்டிக்கு அடியிலிருந்து சட்டையெல்லாம் மண்ணாக வெளியே வந்துகொண்டிருந்தார். குழாய் திறந்திருந்தது. ஸ்டெப்னி பின்னால் கிடந்தது. முன் சீட்டில் அது உட்கார்ந்திருந்த இடத்தில் வட்டமாக ஒரு கருப்புக் கறை. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. சுற்றி வந்து தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். குஷனை எடுத்து, அக்காவின் சீட்டில் அந்தக் கறையின்மேல் வைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிச் சமப்படுத்தினார்.