மடப்பள்ளிக் கையால் ஹாம் நூடுல்ஸ்

திருவள்ளூர் கோயில் மடப்பள்ளியில் அப்பா தளிகை, அதாவது பெருமாளுக்கான சமையல், செய்துவந்தார். கூட நின்று பழகியவன் நான். அங்கே வரும்படி பிரசாதத்தோடு முடிந்துவிடும். அதனால் எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் எழும்பத் தொடங்கியபோது, ஒரு தொழிற்சாலையின் விருந்தினர் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தேன். சைவம் மட்டும் என்றுதான் பேச்சு. அப்பாவின் கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. அந்த வருஷ பிரம்மோற்சவத்துக்கு அவருடைய முறையை நான் ஏற்பதாக இருந்தது. மாமிசம் தின்றவன் அந்த அடுப்படியில் கால் வைக்க முடியாது.

இயந்திரம் பொருத்த வந்த ஜெர்மன் இன்ஜினியருக்கு நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. மேனேஜர் பட்டணத்திலிருந்து பட்டை நூடுல்ஸும், டப்பாவில் அடைத்த சீஸும் ஹாமும் வரவழைத்தார். ஹாம் என்றால் பன்றித் தொடைக்கறி.

நான் தயங்கியதும், "தொடத்தானே சொல்றேன், திங்கவா சொன்னேன்?" என்றார் மேனேஜர்.

வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. ஒப்புக்கொண்டேன்.

இன்ஜினியர் ஒருநாள் தானே செய்துகாட்டினார். நூடுல்ஸை முக்கால் வேக்காட்டில் வடிக்க வேண்டும். வெண்ணெயில் மைதாவைச் சிவக்காமல் வறுத்து, பாலைக் கட்டிதட்டாமல் ஊற்றிக் கிளற வேண்டும். நறுக்கிய ஹாமையும் நூடுல்ஸையும் அதில் புரட்டித் தட்டில் பரப்பி, மேலே சீஸும் ரொட்டித் தூளும் தூவி, பொன்னிறமாகும்வரை ஓவனில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டேன். அவர் எதிலும் உப்பு போடாததை மட்டும் மறதி என்று எடுத்துக்கொண்டேன்.

முதலாளி சாப்பிட வந்த அன்று நான் தனியாகச் செய்தேன். ஹாமை இடுக்கியால் பிடித்து வெட்டுவதைப் பார்த்து, பாத்திரம் தேய்க்கும் பழவேற்காட்டு அம்மாள் சிரித்தாள்.

"இன்னா சாமி, பாம்ப புடிச்சா மாதிரி புடிச்சிக்கினு கீற? அது செத்து ரொம்ப நாளாச்சு, கடிக்காது. குடு, நான் அறுத்துத் தர்றேன்."

கொடுக்கவில்லை. தளிகையில் பிறர் கை படக்கூடாது என்ற பழக்கம்.

மடப்பள்ளியில் பெருமாளுக்குக் காட்டும் முன் யாரும் ருசி பார்ப்பதில்லை, முகர்வதுகூட இல்லை. உப்பு கையளவுதான். அந்த அளவு எனக்கு ஒருநாளும் தவறியதில்லை. நூடுல்ஸ் வெந்த தண்ணீரிலும் பால் கலவையிலும் அதே கையால் போட்டேன். ஹாமும் சீஸும் ஏற்கெனவே உப்பில் ஊறியவை என்று எனக்குத் தெரியாது.

முதலாளி ஒரு வாய் வைத்துத் தட்டிலேயே துப்பினார்.

"இன்னாய்யா, சமுத்திரத் தண்ணியில வேக வெச்சானா?"

மேனேஜரின் முகம் கறுத்தது. என்னைக் கூப்பிட்டார்.

"ருசி பாக்கலியா?"

"பாக்கற வழக்கமில்ல சார். பெருமாளுக்குப் பண்றச்சே..."

"இங்க எந்தப் பெருமாள்யா குந்திக்கினு சாப்புட்றாரு?"

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பு மேனேஜருக்குத் தெம்பு தந்தது.

"நீயே சாப்புடு. இல்லேன்னா இப்பவே பொட்டியக் கட்டு."

தமிழ் தெரியாத இன்ஜினியர், எனக்கு ஏதோ மரியாதை நடக்கிறது என்று நினைத்துவிட்டார். எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். ஹாம் துண்டுகளாகத் தேடி எடுத்துத் தட்டு நிறைய வைத்தார்.

"பாத்தியா, தொரையே போட்றாரு. மிச்சம் வெச்சின்னா அவருக்கு அவமரியாதை," என்றார் மேனேஜர்.

தின்றேன். கதவோரம் நின்ற பழவேற்காட்டு அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

உற்சவத்துக்கு முன்தினம் ஊருக்குப் போனேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தளிகைக்கென்று மடியாக உலர்த்திய வேஷ்டியை அப்பா எடுத்து நீட்டினார். வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

வேஷ்டியைத் திரும்பக் கொடியில் போட்டார்.

"எவ்வளவு தின்னே?"

"தட்டு நிறைய."

"ருசியா இருந்துதோ?"

நான் வாசற்படியிலிருந்து இறங்கி நின்றேன்.

"இனிமே இந்த வாசப்படி ஏறாதே. சம்பளம் மட்டும் மணியார்டர்ல வரட்டும்."

உற்சவத்தில் அவரே தளிகைக்குப் போனார். கொதிக்கும் பானை சாய்ந்து முழங்கைவரை வெந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். மணியார்டரை ஒழுங்காக அனுப்பினேன். பெற்றுக்கொண்ட சீட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தது, அப்பாவின் கோணல் கையெழுத்தோடு. வேறு ஒரு எழுத்துகூட அதில் இருந்ததில்லை.