வளைவில் எரிந்த சிவப்பு விளக்கு

என் வண்டியில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தபோது, அதை வண்டியின் குணம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட பிரேக் விளக்கு. நேராகப் போனால் எரியாது. திரேஸ்புரத்தில் மீன் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்குத் திரும்பும்போது பளிச்சென்று எரியும், திரும்பி முடித்ததும் அணைந்துவிடும். ஏதோ ஒயர் லூஸ் என்று டேஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டுவேன். பதினாறு வருஷத்து பிக்கப். திரும்பும்போது எனக்கும்தான் இடுப்பு பிடிக்கிறது, நான் விளக்கா போட்டுக் காட்டுகிறேன்?

ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, நானே ஓட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து ஊரான புதுக்கோட்டை வரைக்கும் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். வீட்டுக்காரர் வளைகுடாவில் இழுவைக் கப்பல் ஒன்றில் இன்ஜின் ரூமில் இருக்கிறார். வண்டியை வாங்கிப் போட்டது அவர், ஓட்டப் பழகியது நான். முதல் மாதம் நான் ரிவர்ஸ் எடுத்தால் ஏலக்கூடமே ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும். இப்போது அதே ஆட்கள் தங்கள் பெட்டியையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளச் சொல்லி என்னிடம் வந்து நிற்கிறார்கள். வண்டி இல்லாவிட்டால் நான் பழையபடி பஸ்ஸில் கூடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டியவள். அதை நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

வினை வீடியோ காலில் வந்தது. ஒரு நாள் வண்டியை ஓரங்கட்டி அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி சரிவில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதில் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குக் கீழே எரிந்த சிவப்பைப் பார்த்துவிட்டார். எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டார். மூன்று மாதம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இரண்டே நாளில், வண்டியை விற்கப்போவதாகவும், புதுக்கோட்டையில் வாழைக்காய் வியாபாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து பார்ப்பார் என்றும் சொல்லிவிட்டார். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், இரண்டு நாள் போனை எடுக்காமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நாலு மணிக்குள் அந்த விளக்கு ஏன் எரிகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால் அவர் வாயை அடைத்துவிடலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஏலம் கிடையாது, ஐஸ் கிடையாது. சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு, பூசைக்குக் கட்டிய சேலையோடேயே வண்டியைக் கொண்டுபோய் பீச் ரோட்டுப் பக்கம் இருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியின் ஷெட் முன்னால் நிறுத்தினேன். அண்ணாச்சிக்கு ஞாயிறு அரை நாள். பேச்சு குறைவு, கை சுத்தம். விஷயத்தைச் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அன்றைக்கு விளக்கு நின்ற இடத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. முதலில் ஹேண்ட் பிரேக்தான் சந்தேகம். கடற்கரை வண்டிகளில் யாரும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. உப்புக்காற்றுக்கு கேபிள் துருப்பிடித்து இறுகிவிடும், போட்டால் எடுக்க வராது. கியரில் நிறுத்தி டயருக்குக் கல்லைக் கொடுத்துவிட்டுப் போவோம். தொடாத லிவருக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் களிம்பு பிடித்து ஒட்டியிருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். அண்ணாச்சி அந்த ஒயரைப் பிடுங்கினார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு முகம் தொங்கிவிட்டது.

அடுத்து பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் வந்து சேரும் ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. மறுபடி மாட்டினார், எரிந்தது. நான் கைதட்டினேன். அவர் சிரிக்கவில்லை. மூடிக்கு அடியில் மிதவை ஒன்று உண்டு, ஆயில் குறைந்தால் அது இறங்கி விளக்கைப் போடும் என்று விளக்கினார். வளைவில் மட்டும் எரிந்ததும் அதனால்தான்: வண்டி திரும்பும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, மிதவை தாழ்ந்திருக்கிறது. மூன்று மாதம் நான் டேஷ்போர்டைத் தட்டியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, துப்புக் கிடைத்த சந்தோஷத்தில் உடம்பு பரபரக்கவும் செய்தது.

ஆனால் ஆயில் ஊற்றி மூன்று நாள்தான் ஆகிறது என்றேன். ஆமாம், சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் வைத்திருந்தேன். விளக்கு நேர்ரோட்டிலும் அணையாமல் எரிந்தால் கொஞ்சம் ஊற்றுவேன், அணைந்துவிடும். பழைய வண்டி, இன்ஜின் ஆயில் குடிக்கிற மாதிரி இதையும் குடிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இன்ஜின் ஆயில் எரிஞ்சு போவும் தாயி. பிரேக் ஆயில் எங்கன எரியும்? கொறஞ்சா, ஒழுகுதுன்னு அர்த்தம்.”

முன் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் பேட் தேயாமல் தடியாக இருந்தது. பின் சக்கரங்களின் உட்புறம் காய்ந்து கிடந்தது. பெடலுக்கு மேலே விரலை விட்டுத் தடவினார், பிசுக்கு இல்லை. மணி பன்னிரண்டரை. எங்கே ஒழுகுகிறது என்று தரையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் வழக்கம், உன் வண்டியில் அதுவும் முடியாதே என்று அலுத்துக்கொண்டார். வாஸ்தவம். மீன் வண்டிக்கு அடியில் ஈரமில்லாத நாள் ஏது? ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அதில் ஆயில் சொட்டினால் யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இன்று ஞாயிற்றுக்கிழமை. நேற்று மத்தியானம் கழுவி விட்ட வண்டி காய்ந்து கிடக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியை எடுப்பதே இல்லை, பிரேக்கை மிதிப்பதும் இல்லை. மிதிக்கிற நாளில் ஈரம், காய்ந்த நாளில் மிதியில்லை. காய்ந்த வண்டியில் மிதித்துப் பார்த்தால்? இதைச் சொல்லும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணாச்சி முதல் தடவையாகச் சிரித்தார். ஷெட்டுக்குள் கிடந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, வண்டிக்கு அடியில் தலை முதல் வால் வரை விரித்தோம். அவர் டார்ச்சோடு உள்ளே படுத்தார், நான் ஏறி மிதித்தேன்.

பத்து மிதி. ஒன்றும் இல்லை. இருபது. முழங்கால் வலித்தது. பின்னால் அட்டையில் டப்பென்று ஒரு சத்தம் கேட்டதா, இல்லை நானே கற்பனை செய்துகொண்டேனா தெரியவில்லை. “இன்னும் மிதி, விடாத” என்று அடியிலிருந்து குரல் வந்தது. மிதித்தேன். “சிக்கிட்டு” என்றார். பூசைச் சேலை என்று பார்க்காமல் நானும் அடியில் புகுந்தேன். பின் ஆக்ஸிலுக்கு முன்னால், அட்டையில் ஐந்தாறு பொட்டு. மேலே பிரேக் பைப் ஒரு சாண் நீளத்துக்குச் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. நடுவில் முத்து மாதிரி ஒரு துளி திரண்டு நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று கிலோ சிங்கி இறால் வலையில் விழுந்தால்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

அண்ணாச்சி பைப்பை லேசாக வளைத்தார். கையோடு முறிந்து வந்துவிட்டது.

சந்தோஷம் அப்படியே அடங்கிப்போனது. முந்தின நாள் அந்தப் பைப்பை நம்பித்தான் முழு லோடோடு பாலத்தில் இறங்கினேன். முன்னால் ஒரு ஸ்கூல் வேன் போனது. அட்டையில் மல்லாந்து கிடந்தேன். என் பாட்டில் விளக்கைத்தான் அணைத்தது, ஆபத்தை அல்ல என்று அப்போது நன்றாகவே புரிந்தது.

அந்த ஒரு சாண் மட்டும் ஏன் இப்படி அரித்தது என்று கேட்டேன். அண்ணாச்சி டார்ச்சை நேர் மேலே தூக்கிக் காட்டினார். மீன் ஏற்றும் பின்தொட்டியின் அடித்தகட்டில் உருண்டையாக ஓர் ஓட்டை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எங்கள் ஊரில் ஐஸோடு கல் உப்பை அள்ளிப் போடுவோம், குளிர்ச்சி கூடும் என்று. உப்புக்கா இங்கே பஞ்சம்? அந்த உப்புத்தண்ணீர் தொட்டியில் தேங்கி, தினமும் நான் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். போன லீவில் வந்த வீட்டுக்காரர் அதைப் பார்க்கப் பொறுக்காமல், டிரில் மிஷின் இரவல் வாங்கி அந்த ஓட்டையைப் போட்டுக் கொடுத்தார். ஏலக்கூடத்தில் நான் பெருமையடிக்காத ஆள் பாக்கி இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். அண்ணாச்சி புதுப் பைப்பை அளந்து வெட்டி, வளைத்து மாட்டினார். அவர் அடியிலிருந்து சொல்லச் சொல்ல நான் பெடலை அமுக்கினேன், பிடித்தேன், விட்டேன். பைப்பிலிருந்து காற்றுக் குமிழி வருவது நின்று ஆயில் மட்டும் வந்தபோது பெடல் கல் மாதிரி நின்றது. ஓட்டையில் ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி, தண்ணீர் வண்டிக்குப் பின்னால் போய் விழும்படி கட்டினோம். சாவியைத் திருப்பினேன். சிவப்பு எரிந்தது, இன்ஜின் பிடித்ததும் அணைந்தது. பீச் ரோட்டில் வேண்டுமென்றே வளைந்து வளைந்து ஓட்டினேன். எரியவில்லை. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஷெட்டுக்குத் திரும்பி வந்தால், தெருவில் விசாரித்துக்கொண்டு வாழைக்காய் வியாபாரி நாலு மணிக்கே வந்து நிற்கிறார். நல்ல மனுஷர். ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக் புது வண்டி மாதிரி பிடிக்கிறது, இப்போதே எடுத்துக்கொள்கிறேன் என்றார். விளக்கு எரிந்திருந்தாலாவது அவர் யோசித்திருப்பார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன். முறிந்த பைப்பைக் காட்டினேன். வண்டிக்கு அடியில் போனை நீட்டி ஓட்டையையும் காட்டினேன். போனை இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொன்னார்.

“அந்த ஓட்டய நாந்தான ஏளா போட்டேன்” என்றார்.

“ஓட்டதான் நீங்க போட்டிய. ஆயில ஊத்தி ஊத்தி மறச்சது நானு” என்றேன்.

தூக்கமே வரவில்லை என்று அப்புறம் சொன்னார். நான் போன் எடுக்காத இரண்டு நாளும், வண்டி எங்கோ மோதிக் கிடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தாராம். விற்றுவிட்டால் நீயாவது மிஞ்சுவாய் என்றுதான் நினைத்தேன் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மனுஷன். நானும் கேட்டிருக்கலாம்.

“வாங்க வந்தவரு நிக்காரா?” என்று கேட்டார்.

“நிக்காரு.”

“டீ வாங்கிக் குடுத்து அனுப்பிரு.”

டீ வாங்கிக் கொடுத்தேன், இரண்டு வடையும் சேர்த்து. அவர் போனதும் முதல் வேலையாக, சீட்டுக்கு அடியில் இருந்த பாட்டிலை எடுத்து அண்ணாச்சியின் ஷெட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.