மூச்சு விடும் கேன்

மலையடிவார ஊரான கரா-பால்தாவின் ஸ்டாண்டில் எர்மெக்கின் ஷேர் டாக்ஸிதான் வேகம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவன் மனைவி புருலாய்க்கும் இல்லை. அதனால்தான் அவள் மலைக்கு அந்தப் பக்கம் சூசமீரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜுமாஷின் வண்டியில் ஏறினாள்.

ஜுமாஷுக்கு வயது அறுபது. மலையேறி இறங்க மற்றவர்களுக்கு இரண்டரை மணி நேரம், அவருக்கு மூன்றரை. எர்மெக்குக்கு ஒன்றரை. அப்படியிருந்தும் சொந்தப் பெண்டாட்டி கூடையோடு வந்து, புருஷன் வண்டியைத் தாண்டி நடந்து, ஜுமாஷின் முன்சீட்டில் உட்காருவதை ஸ்டாண்டே வேடிக்கை பார்க்கும். "எர்மெக், வீட்டுச் சமையலும் ஜுமாஷுக்குத்தானா?" என்று எவனாவது கேட்பான். எர்மெக் டயரைக் குனிந்து பார்ப்பதுபோல் நடிப்பான்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவள் அவன் வண்டியில் வந்திருக்கிறாள். வளைவில் லாரியை முந்தினான். மலையுச்சியில் இருக்கும் சுரங்கப்பாதையின் வாசலில் இறங்கிக்கொண்டு, செம்மறியாடு ஏற்றிவந்த லாரியில் ஏறி ஊர் சேர்ந்தாள். புதுப்பெண் ஆட்டு வாடையோடு வந்த கதை அந்தப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எர்மெக்குக்குப் புரியாத விஷயம் வேறு. இவள் பயந்தவளே இல்லை. அவர்கள் முதலில் பார்த்துக்கொண்டதே குதிரைப் பந்தயத்தில்தான். பெண் முன்னால் பாய்வாள். பையன் துரத்திப் பிடித்தால் முத்தம். பிடிக்காவிட்டால் திரும்பும்போது அவள் துரத்துவாள், கையில் சாட்டையோடு. எர்மெக் அன்று பிடிக்கவும் இல்லை, தப்பவும் இல்லை.

அதைச் சொல்லியே கேட்டுப் பார்த்தான்.

"குதிரைன்னா அதுக்கும் உயிர்ப்பயம் இருக்கும், எனக்கும் இருக்கும்," என்றாள் புருலாய். "உங்க வண்டியில யாருக்கு இருக்கு?"

ஜூலையில் அண்ணன் மகனுக்கு விருந்து வந்தது. நடக்கத் தொடங்கிய குழந்தையின் காலில் நூல் கட்டி, ஓடிவந்து முதலில் சேருகிறவர் அதை வெட்டும் விருந்து. இந்த முறையாவது மனைவி ஜுமாஷோடு போய் இறங்கக்கூடாது என்று எர்மெக் தவித்தான். கெஞ்சினான் என்றே சொல்லலாம். அவள் யோசித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டாள். அண்ணனிடமிருந்து பத்து லிட்டர் கிமிஸ் கொண்டுவர வேண்டும். சொட்டுச் சிந்தாமல் வந்தால் விருந்து நாளான ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டே பார்க்க அவன் முன்சீட்டில் ஏறுவாள்.

புளித்த குதிரைப்பால். இதென்ன பெரிய வேலை என்று மூடியை இறுக்கித் திருகிப் பின்சீட்டில் வைத்தான் எர்மெக். வழக்கம்போலப் பறந்தான். குலுங்கக் குலுங்க, மேலே ஏற ஏற, உள்ளே வாயு சேர்ந்து பிளாஸ்டிக் கேன் கர்ப்பிணிபோல உப்பியது. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் வெடித்தது. நான்கு பயணிகளும் நனைந்தார்கள். புது வெள்ளைத் தொப்பி போட்டிருந்த ஒரு பெரியவர் இறங்கும்வரை அவனைத் திட்டவே இல்லை. தொப்பியைக் கழற்றிப் பிழிந்துகொண்டே வந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு வாரம் வண்டியில் நாற்றம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி போனான். இந்த முறை பயணிகள் இல்லை, கேன் மட்டும். பக்கத்துச் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்த்திவைத்தான். வேகம் கூடினால் கேன் உப்பியது, குறைத்தால் உப்புவது நின்றது. கண்ணாடியைவிட கேனைத்தான் அதிகம் பார்த்தான். சுரங்க வாசலில் நிறுத்தி மூடியைத் தளர்த்தினான். அது உஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஜுமாஷ் வந்தார். வாழ்நாளில் முதல்முறையாக எர்மெக்கை முந்தப் போகிறவர், ஜன்னலை இறக்கினார்.

"டயர் பஞ்சரா தம்பி?"

"இல்லண்ணே. கிமிஸ் மூச்சு விடுது."

"விடட்டும், விடட்டும்," என்று ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனார்.

சுரங்கம் தாண்டி இறக்கம். மூன்றாவது வளைவை எர்மெக் எப்போதும் எதிர்ப்பக்கமாக வெட்டித்தான் திரும்புவான். அதில்தான் அவனுக்குச் சுகமே. அன்று கேனுக்காக முப்பதில் திரும்பினான். சாலை முழுக்க ஆடுகள். நடுவில் ஜுமாஷின் வண்டி, கதவெல்லாம் திறந்து, பயணிகள் இறங்கி ஆடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். எர்மெக் பத்தடி தள்ளி நின்றான். கால் பிரேக்கில் இருந்தது. கடைசி ஆடு போன பிறகும் அதை எடுக்கவில்லை.

வீட்டில் புருலாய் கேனைத் தூக்கிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டாள். மூன்றே கால் மணி நேரம் என்றான். ஆடுகளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஞாயிறு அவள் முன்சீட்டில் ஏறினாள். ஸ்டாண்ட் கைதட்டியது. விருந்து முடிந்ததும் அண்ணனின் குதிரைகளில் ஒன்றில் தாவி ஏறி, இன்னொன்றை அவனுக்குக் காட்டி, "இப்ப ஓட்டுங்க, எவ்வளவு வேணும்னாலும்," என்றாள். புல்வெளியில் எதிரே வர யாருமில்லை. எர்மெக் காது அடைக்கும்வரை பாய்ந்தான். பிடிக்க முடியவில்லை. திரும்பும்போது முதுகில் இரண்டு சாட்டையடி வாங்கினான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மறுபடி கிமிஸ் நிரப்பிய கேன் புருலாயின் மடியில். சூசமீரின் நேர்ச்சாலை, ஆள் அரவமில்லை. எர்மெக்கின் கால் தானாக அழுந்தியது. கேன் மெல்ல உப்பியது.

புருலாய் கேனை அவன் பக்கமாகத் திருப்பி, மூடியைத் திருகக் கை வைத்தாள்.

எர்மெக் காலை எடுத்தான்.