யூராலஜி சீட்டும் புடவைக் கடையும்

பொது அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு முடித்த கையோடு யூராலஜி நுழைவுத் தேர்வு எழுதியிருந்தேன். நல்ல ரேங்க் வந்தது. கவுன்சிலிங் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருந்ததால் ஆரணிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டேன். அம்மாவுக்கு ரேங்க் பிடித்திருந்தது, படிப்புதான் பிடிக்கவில்லை.

“ஆபரேஷன் டாக்டர்னு சொல்லிக்க எவ்ளோ நல்லா இருக்குது. அதை வுட்டுட்டு மூத்திர டாக்டராடி? கேக்கறவங்களுக்கு நான் இன்னான்னு சொல்றது?”

“கிட்னி டாக்டர்னு சொல்லும்மா.”

“ஆம்பளைங்க வந்து உன்கிட்ட காட்டுவாங்களா?”

பயிற்சிக் காலத்தில் என்னைப் பார்த்ததும் “ஆம்பள டாக்டர் இல்லீங்களா?” என்று எழுந்து போனவர்கள் உண்டு. எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

ஆனாலும் மேற்படிப்பின் முதல் வருடமே முடிவு செய்துவிட்ட விஷயம் இது. முழுநாள் சிறுநீர் பிரியாமல் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் அறுவை அரங்கில் இருந்தார்கள். நான்தான் குழாய் போட்டேன். பை நிரம்ப நிரம்ப அவர் முகம் இளகியது. கண்ணைத் திறந்து, “ஒரு டீ கெடைக்குமாம்மா?” என்றார். சில நிமிடங்களில் ஒரு மனிதரை வேதனையிலிருந்து டீக்கு வரவழைக்க முடிகிற துறை வேறு எது என்று அன்று தோன்றியது.

அப்பாவுக்கு பஜாரில் பட்டுப்புடவைக் கடை. ஒருநாள் மதியம் பேங்குக்குப் போகும்போது என்னைக் கடையில் உட்காரச் சொன்னார். அவர் போன சற்று நேரத்தில், களம்பூரில் அரிசி மில் வைத்திருக்கும் அவருடைய சிநேகிதர் வந்தார். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று எட்டுப் புடவைகளை விரிக்கச் சொன்னார். எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

“பாப்பா, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு… ராத்திரியில நாலு தபா எழுந்துகினே இருக்கிறாரு.”

“அவருக்கு இன்னா வயசு மாமா?”

“என் வயசுன்னு வெச்சிக்கயேன்.”

“நின்னு நின்னு வருதா அவருக்கு? அடக்க முடியுதா?”

“எங்க முடியுது? பஸ்ஸுல ஏறவே எனக்கு பயமா கீது!”

சொல்லிவிட்டு அவர் சட்டென்று மாம்பழ மஞ்சள் புடவையின் ஜரிகையைத் தடவ ஆரம்பித்தார். நானும் ஜரிகையையே பார்த்தேன். பிறகு, அந்த வயதில் பலருக்கும் புராஸ்டேட் சுரப்பி பெரிதாகும், பெரும்பாலும் மாத்திரையே போதும், ஆனால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்யாமல் எதுவும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். வேலூரில் எங்கே போய்ப் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்தேன். “அவருகிட்ட கண்டிப்பா குடுத்துடறேன்” என்று சீட்டை மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் வீட்டில் ஓர் அரிசி மூட்டை இறங்கியது. எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, “சும்மாதாங்க” என்றாராம் மில்காரர். அதன்பின் அப்பா வெளியே போகிற நேரம் பார்த்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். “தெரிஞ்சவர்” இல்லாத ஆளே ஆரணியில் இல்லை.

“இத்தினி பேரு வந்து பொடவை பாத்துட்டுப் போறாங்க, ஒண்ணுகூட விக்கலியே” என்று அப்பா பேஜாரானார்.

கடைசியில் விஷயத்தை உடைத்தவர் மில்காரரின் மனைவி. மார்க்கெட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க பொண்ணு புண்ணியத்துல எங்க வீட்டுக்காரரு விடியற வரைக்கும் தூங்கறாருங்க. நானுந்தான்” என்றாராம். அன்று அம்மா கூடையை இறக்கி வைக்காமலேயே என்னிடம் வந்து, “ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?” என்றாள்.

“நோயாளி விஷயத்தை வெளியில சொல்லக் கூடாதும்மா.”

“அதுவும் சரிதான்” என்று கூடையோடு உள்ளே போனாள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் உறுதி செய்ய வேண்டிய கடைசி நாள், பாஸ்வேர்டு மறந்துவிட்டது. புதிதாக மாற்ற வேண்டுமானால் ஓடிபி, விண்ணப்பத்தில் கொடுத்திருந்த அப்பாவின் போனுக்குத்தான் வரும். அப்பாவோ தேவிகாபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான்கு முறை அடித்த பிறகு எடுத்தார். பின்னால் மேளச் சத்தம் காதைக் கிழித்தது.

“நம்பரைச் சொல்லுங்கப்பா, ஜல்தி!”

“ஆறு… இரும்மா, கண்ணாடியக் காணோம்!”

கண்ணாடி கிடைப்பதற்குள் ஓடிபி காலாவதியானது. அடுத்ததைக் கல்யாண மாப்பிள்ளையின் தம்பியிடம் கொடுத்துப் படிக்க வைத்தார். ஆறு எண்களையும் அந்தப் பையன் மேளத்துக்கு மேலே கத்தினான். இங்கே அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு எண்ணும் திரையில் விழுகிறதா என்று பார்த்தாள். மாலை ஐந்துக்கு மூடும் தளத்தில் நாலே முக்காலுக்குப் பட்டியல் உறுதியானது.

முதல் இரண்டு இடங்களும் கிடைக்கவில்லை. மூன்றாவதாகப் போட்ட, தெற்கே ஓர் அரசுக் கல்லூரி கிடைத்தது. ஒருநாள் முழுக்கச் சுணங்கிக் கிடந்தேன், மறுநாள் பெட்டி கட்டினேன். அப்பாவும் அம்மாவும் கூடவே வந்தார்கள். அந்த வருடம் சேர்ந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். துறைத் தலைவர் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வார்டுக்கு வந்துடுங்க டாக்டர்” என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்தால், காத்திருப்போர் பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் ஒரு பெரியவர் கையில் ஸ்கேன் உறையோடு தயங்கி உட்கார்ந்திருந்தார். அம்மா அவரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“வெக்கப்படாம சொல்லுங்க. எம்பொண்ணுதான் டாக்டரு. நாளையிலேர்ந்து இங்கதான் இருக்கப்போறா.”