அழாத தாயின் வழக்கு

பினாங்கில் விவாகரத்துக் கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. எனக்கும் சேர்த்து ஐஸ் போட்ட தே ஓவை, அதாவது பாலில்லாத தேநீரை, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவருகிறார்கள். "குடிங்க லாயர், வெயிலு" என்று உபசரித்துவிட்டு, அடி வாங்கிய கதையைச் சிரித்தபடி சொல்கிறார்கள். மதுரையில் நான் மனநல ஆலோசகராக இருந்தபோது, நாற்காலியில் உட்காரும் முன்பே அழத் தொடங்கிவிடுவார்கள். கலியாணமாகி இங்கே வந்து, நிரந்தரவாசம் கிடைத்தபின் சட்டம் படித்தேன். மனசைப் படித்தவளுக்கு வழக்காடுவது சுலபம் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்.

புஷ்பாவும் அப்படித் தே ஓவோடு வந்தவள்தான். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பத்து வயது மகள் தாரணி தன்னோடு இருக்க வேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான். பட்டர்வொர்த்தில் தனியே இருந்த கணவனும் அதையே கேட்டான். மகள் முன்னால் ஒரு நாளும் கண்கலங்கியதில்லை என்று புஷ்பா பெருமையாகச் சொன்னாள். அதை மட்டும் நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

நீதிபதி தாரணியைத் தன் அறையில் தனியே விசாரிக்கவிருந்த அன்று, வெளியே பெஞ்சில் அவளே என்னிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"அம்மா ஸ்ட்ராங் லா, ஆன்ட்டி. நான் இல்லாட்டியும் ஓகே. அப்பாதான் பாவம், ரூம்ல உக்காந்து அழுவாரு."

இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. மதுரையை விட்டுக் கிளம்பியபோது நானும் அழவில்லை. அம்மா தம்பியோடு தங்கிவிட்டார். கொஞ்ச நாளாவது என்னோடு வந்து இரும்மா என்று கெஞ்சியிருக்கிறேன். "உனக்கென்னடி, நீ சமாளிச்சுக்குவ. அவன்தான் தவிச்சுப்போயிருவான்" என்பார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தாரணி சொன்னதைப் புஷ்பாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் மகள் முன் போய் அழுவாள்; அது வக்கீல் சொல்லிக்கொடுத்த அழுகையாகிவிடும். ஆகவே நீதிபதி முன் எழுந்தேன். பிள்ளைகள் எப்போதும் பாசம் பார்த்துப் போவதில்லை, யார் உடைந்துவிடுவாரோ என்று பயந்து அவர் பக்கம் போவதும் உண்டு, மனநல நிபுணர் ஒருவர் முதலில் இந்தக் குழந்தையைப் பார்க்கட்டும் என்றேன். நீதிபதி தன்மையான மனிதர்.

"புவான், நீங்கள் வாதாடுகிறீர்களா, சாட்சி சொல்கிறீர்களா?" என்று மலாய் மரியாதைச் சொல்லோடு கேட்டார்.

கேள்வி நியாயமானது. கறுப்புக் கோட்டுக்குள் இருப்பவள் நிபுணராகப் பேச முடியாது. உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது எதுவும் என் கட்சிக்காரிக்கு உதவவில்லை. நீதிபதியின் அறையில் தாரணி அப்பாவைத்தான் கேட்டாள். அம்மாவுக்கு வாரக்கடைசி மட்டும் என்று உத்தரவாயிற்று.

வாசலில் புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன கொறை வச்சேன் லாயர்?"

"நீங்க அழுது அவ பார்த்ததே இல்ல. அம்மாவுக்கு நான் தேவையில்லைன்னு நெனச்சுட்டா. இப்பயாச்சும் அழுங்க" என்றேன்.

தகப்பனின் கார் கிளம்பியது. தாரணி பின்கண்ணாடி வழியே அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை அப்பாவின் தோளில் இருந்தது.

"பிள்ள பாக்குதுக்கா" என்று சொல்லிவிட்டு, புஷ்பா சிரித்த முகத்தோடு கையசைத்தாள்.