கம்பெனிப் பட்டை

என் அப்பா கார் செய்கிறார் என்று ஐந்தாம் வகுப்பு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், நகர்ந்துகொண்டே இருக்கும் லைனில், வரிசையாக நிற்கும் ஆட்களில் அவரும் ஒருவர். அங்கே ஓர் ஆளுக்கு ஒரே வேலைதான். கதவு மாட்டுகிறவர் கதவு மட்டும் மாட்டுவார். அப்பாவின் வேலை, வண்டிக்குள் வைத்த பேட்டரி ஆடாமல் பிடித்து இறுக்குவது. அதை அவர் முடிப்பதற்கும் வண்டி நகர்ந்து அடுத்த ஆளிடம் போவதற்கும் சரியாக இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் முறுக்கு டப்பாவைப் பேட்டரியாக வைத்து எனக்குச் செய்து காட்டுவார். இறுக்குகிற கருவியின் சத்தத்தை வாயால் ‘டர்ர்ர்’ என்று போடுவார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டால், எண்ணினால் பைத்தியம் பிடித்துவிடும் என்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் வைத்திருந்த வண்டியின் பேட்டரி, அம்மாவின் பாவாடை நாடாவால் கட்டப்பட்டிருந்தது.

அது அப்பாவைவிட வயதில் மூத்த புல்லட். பெரியப்பா நிலத்தை விற்றுக் கார் வாங்கியபோது அதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். சீட்டுக்குக் கீழே இடது பக்கத்தில் ஓர் இரும்புத் தட்டு, அதன்மேல் பேட்டரி. அது துள்ளாமல் இருக்க மேலே ஒரு ரப்பர் பட்டையை இழுத்து மாட்ட வேண்டும். அந்தப் பட்டை எந்தக் காலத்திலோ அறுந்து போய்விட்டது. பெரியப்பா சணல் கயிற்றால் கட்டி ஓட்டினார். அப்பா சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினார். அது வெயிலில் வெடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நாடா வந்தது.

“ஊரான் காருக்கெல்லாம் பேட்டரிய இறுக்கிட்டு வர்றீங்க. நம்ம வூட்டு வண்டிக்கு என் பாவாட நாடாவா? நல்லா கீது போங்க” என்று அம்மா வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வாள். “அது கம்பெனி வேல, இது வூட்டு வேல” என்று அப்பா பதில் சொல்வார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே விளங்கிவிட்டது என்பதுபோல் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் தூக்கக் கண்ணோடு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். படப்பை ரோட்டில் புதிதாக மனை பிரித்த இடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். முந்தின நாள் அது இல்லை. வண்டி எகிறியது, நாடா அவிழ்ந்தது, பேட்டரி தட்டைவிட்டுக் கிளம்பி ஒயரில் தொங்கியது. இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்திருந்த என் பாவாடையின் ஓரம் நனைந்தது. அப்பா பதறிப்போய் என் காலைத்தான் பார்த்தார். லேசாக எரிந்தது. பக்கத்து டீக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றினார், எரிச்சல் நின்றது. பாவாடைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டு பேரும் நம்பினோம். ஆசிட் அப்படித்தான். துணியில் பட்ட அன்று சாதுவாக இருக்கும். சனிக்கிழமை அம்மா துவைத்துக் காயப்போட்டபோது, பாவாடையின் ஓரத்தில் விரல் விடுகிற அளவில் ஏழெட்டு ஓட்டைகள்.

என்னிடம் இருந்த இன்னொரு பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அதனால் ஓட்டைப் பாவாடைக்கு உள்பக்கம் துணி வைத்துத் தைத்து, அதையே திங்கட்கிழமை போட்டு அனுப்பினார்கள். என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். அவளுடைய அப்பா எங்கள் அப்பா வேலை செய்யும் அதே கம்பெனியின் வாசலில் செக்யூரிட்டி. நான் கார்ப் பெருமை பேசும்போதெல்லாம் உதட்டைச் சுழிப்பவள் அவள்தான். பாவாடை கிழிந்த கதையை நானே உளறித் தொலைத்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: “உங்கப்பா காரே செய்றாருன்னியே, ஒரு பேட்டரிய கட்டத் தெரியலயா?” வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அன்று முழுவதும் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனியில் அந்தப் பட்டை ஆயிரம் கிடக்கும், ஒன்றை எடுத்துவந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அப்பா முதலில் சிரித்தார். நான் விடவில்லை என்றதும் பொறுமையாகச் சொன்னார்.

“கேட்டுல சோத்து டப்பாவக்கூட தொறந்து பாக்கறாங்கம்மா. ஒரு நட்டு பாக்கெட்ல இருந்தாலும் அன்னிக்கே வெளிய அனுப்பிடுவாங்க. இந்த வருசம் பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க. இப்பப் போயி இன்னா பேச்சு இது?”

ஆறு வருடமாக அவர் காண்ட்ராக்ட். நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை, காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. கேன்டீனில் தூரத்திலிருந்து பார்த்தாலே யார் எந்த ஜாதி என்று தெரிந்துவிடும் என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். இதெல்லாம் என் காதில் விழுந்ததுதான். ஆனால் எனக்கு என் பாவாடையில் இருந்த ஓட்டைதான் உலகத்திலேயே பெரிதாக இருந்தது. அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். வண்டியில் ஏறமாட்டேன் என்று நடந்தே பள்ளிக்கூடம் போனேன். ஒரு வாரம் அவர் முறுக்கு டப்பாவை எடுத்து டர்ர்ர் என்று காட்டியும் நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு அழுத்தக்காரி நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளிலும் ஓ.டி. வேலை இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிப் போனார். பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால், கருகருவென்று ஒரு தடித்த ரப்பர் பட்டை, இரண்டு முனையிலும் கொக்கியோடு. நான் வைராக்கியத்தை எல்லாம் மறந்து கேட்டேன்: “கம்பெனியுதாப்பா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஆமா, கம்பெனியுதுதான்” என்றார். “யார்கிட்டயும் சொல்லாத.”

தட்டில் இருந்த துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி அடியில் மெத்தையாக வைத்தார். பேட்டரியை அதன்மேல் உட்காரவைத்து, பட்டையின் ஒரு கொக்கியைத் தட்டில் மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, மறு கொக்கியையும் மாட்டினார். பிறகு வண்டியை இப்படியும் அப்படியும் உலுக்கினார். பேட்டரி இம்மிகூட அசையவில்லை. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் அவர் முதுகில் தொற்றிக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாதே என்றால் சொல்லாமல் இருக்கிற வயதா அது? மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் அந்தச் செக்யூரிட்டியின் மகளைத் தேடிப் போனேன். “எங்கப்பா கம்பெனியிலருந்து பட்ட எடுத்துகினு வந்துட்டாரு. உங்கப்பா செக் பண்ணியும் கண்டுபுடிக்கல, பாத்தியா?” என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அதைவிட இனிப்பான ஒன்றை அதுவரை நான் அனுபவித்ததில்லை.

அடுத்த ஞாயிறு அப்பாவின் சூப்பர்வைசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெற்கே இருந்து டிப்ளமோ படித்துவிட்டு வந்து, படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருந்த இளைஞர். அப்பாவைவிடப் பத்து வயதாவது சின்னவர். அப்பா அவரை ‘சார்’ என்பார், லைனுக்கு வெளியே அவர் அப்பாவை ‘அண்ணே’ என்பார். பர்மனென்ட் ஆக்கலாம் என்று அப்பாவுக்காக எழுதிக்கொடுக்க வேண்டியவரும் அவர்தான். அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடிக்கும் வரை ஊர்க்கதை பேசினார். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. கேட்டுல ஒரு பேச்சு கெளம்பியிருக்கு. அது எழுத்துல மேல போறதுக்கு முந்தி நானே ஒரு எட்டு பாத்துருவோம்னுதான் வந்தேன். உங்க வண்டியில என்னமோ பட்டை மாட்டியிருக்கீங்களாம்ல?”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “சார், அது கடையில வாங்கினது சார்” என்றார்.

கதவோரம் நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு அப்பா எதற்காகப் பயந்து மறைக்கிறார்? வந்தவருக்கு இவர் யார் என்று தெரிய வேண்டாமா?

“இல்ல சார். கம்பெனியிலருந்துதான் எடுத்துகினு வந்தாரு. என்கிட்ட அவரேதான் சொன்னாரு. இல்லப்பா?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார். குழந்தையின் ஆசைக்காக அப்படிச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

சூப்பர்வைசர் எழுந்து வாசலுக்குப் போனார். வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பட்டையை ஒரு முறை இழுத்துவிட்டார். கொக்கியைப் பார்த்தார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார்.

“ஆமா பாப்பா, கம்பெனியோடதுதான்” என்றார். “நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன். ஆனா வெளிய சொல்லிராத, என்ன?” கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, “நாளைக்குப் பாப்போம்ணே” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அந்த வருடப் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்தது.

எனக்கு விஷயம் விளங்கப் பல வருடம் ஆயிற்று. படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்னொரு கார் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் நாளே லைனைச் சுற்றிக் காட்டினார்கள். காரின் பேட்டரியை ஓர் இரும்புத் தகடு போட்டு, நட்டு வைத்து இறுக்குகிறார்கள். ரப்பர் பட்டைக்கு அங்கே வேலையே இல்லை. லைனில் ஒரு வாரம் நின்ற எவனுக்கும், அந்தப் பட்டை கம்பெனியிலிருந்து வந்திருக்க முடியாது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அன்று மாலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யே இல்லையாம். புதுப்பேட்டைக்குப் போய், பழைய வண்டிச் சாமான் விற்கும் கடை கடையாக ஏறி இறங்கி, மதியச் சாப்பாடுகூட இல்லாமல் தேடி வாங்கி வந்தாராம். “கம்பெனியுதான்னு நீ கேட்டப்ப உன் மூஞ்சி இருந்த இருப்புக்கு, இல்லன்னு சொல்ல அவருக்கு வாய் வரல” என்றாள் அம்மா.

ஆறு வருடத்தில் ஒரு நட்டைக்கூட வெளியே கொண்டுவராத மனிதரை, அவருடைய மேலதிகாரியின் முன்னால் நான் திருடன் என்று சொல்லியிருக்கிறேன். என் மகள் என்னைத் திருடன் என்று நம்புகிறாள், அதுவும் மார்தட்டிக்கொண்டு நம்புகிறாள் என்று தெரிந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆனால் அன்று, ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் மறைந்தபோது, எனக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய சூப்பர்வைசரே எங்கள் அப்பா பக்கம்! அப்பா வண்டிக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சீட்டில் ஏறிக்கொண்டு, “அடுத்த வாட்டி ஒரு ஹாரனும் எடுத்துகினு வாப்பா” என்றேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பட்டையின் கொக்கியை விரலால் நெருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஹாரன் மாட்டுவது லைனில் வேறு யாரோ ஒருவருடைய வேலை, அதனால்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.